குள்ளர்களுக்கும் ஒரு விழா எடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கொடைக்கானல் கோடை விழா பற்றி நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் நடக்கட்டும், ஆனால் எங்கள் மலைக்கே உரிய கதைகளுக்கு அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் மனக்குறை.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பாயின்ட் பிளசன்ட் என்று ஒரு சின்ன ஊர். 1966 நவம்பரில், சிவந்த கண்ணும் பெரிய சிறகுமாக ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்றைப் பார்த்ததாகச் சிலர் சொல்லப்போய், பத்திரிகைகள் அதற்கு மாத்மேன், அதாவது அந்துப்பூச்சி மனிதன், என்று பெயர் வைத்தன. அடுத்த வருஷம் டிசம்பர் 15 அன்று அந்த ஊரின் சில்வர் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்பில் விழுந்திருந்த சின்ன விரிசல்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 2002-ல் தொடங்கி செப்டம்பர் மாதத்தில் மாத்மேனுக்கு விழா எடுக்கிறார்கள், ஊருக்குள் சிலையே வைத்திருக்கிறார்கள்.

நமக்கு என்ன குறை? பெத்துப்பாறை, தாண்டிக்குடி பக்கமெல்லாம் குள்ளர் வீடு இருக்கிறது. அதில் இருந்தவர்கள் ஒரு முழ உயரம்தான், ஆனால் ஒருத்தனுக்கு ஒரு யானை பலம், இல்லாவிட்டால் இந்தப் பலகைக் கல்லை யார் தூக்கி வைத்திருப்பார்கள் என்று என் அப்பத்தா கேட்பார். அவை பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து எழுப்பிய கல்திட்டைகள். செண்பகனூர் பாதிரியார்கள் ஆங்லேடும் நியூட்டனும் 1928-லேயே இவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார்கள். போன மாதம் ஒரு குள்ளர் வீட்டுக்குப் போயிருந்தேன், மூடுகல்லின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு ஜோடியின் பெயர், உள்ளே உடைந்த பாட்டில். வயிறு எரிந்தது.

அப்புறம் மலை விளிம்பை ஒட்டிப் போகும் நடைபாதையான கோக்கர்ஸ் வாக். சின்ன வயதில் ஒரு சாயங்காலம் அப்பாவோடு கம்பி ஓரமாக நின்றபோது பள்ளத்தாக்கு முழுக்க மேகம், முதுகுப் பக்கம் வெயில். கீழே மேகத்தின் மேல் என் நிழல் பெரிய ஆளாக எழுந்து நின்றது, தலையைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். பயத்தில் கையை உதறினேன், அதுவும் உதறியது. "உங்க தலைக்கும் வட்டம் இருக்குப்பா" என்று சொல்ல நினைத்துப் பார்த்தால் அவர் நிழலுக்கு வட்டமே இல்லை. அவரோ தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்றார். மேகத்தின் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பும் ஒளி என்பதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலையைச் சுற்றித்தான் வட்டம் தெரியும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியில் புரோக்கன் மலையில் தெரிந்ததால் உலகமே இதைப் புரோக்கன் பூதம் என்கிறது. அந்த மலைப் பக்கத்து ஊர்களில் ஏப்ரல் 30 ராத்திரி சூனியக்காரி வேஷம் கட்டி, தீ மூட்டி ஊரே கொண்டாடுகிறது. இங்கே என்னவென்று சொல்ல ஆள் இல்லாமல் சனம் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

விழா என்றால் குணா குகைப் பக்கம் பேய்க் கதை விட்டுப் பையன்களை வேலி தாண்ட வைப்பது இல்லை, அந்தக் குழிகளில் உயிர்கள் போயிருக்கின்றன. மே மாதமும் வேண்டாம், வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்தும் தாங்காத கூட்டம். சீசன் இல்லாத ஒரு சனி, ஞாயிறு போதும். பள்ளிப் பிள்ளைகள் குள்ளர் வேஷம் போடட்டும், கல்திட்டை பற்றித் தெரிந்தவர் ஒருவர் வந்து பேசட்டும், கிராமத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து கதை சொல்லட்டும், அதைப் பதிவு செய்து வைக்கட்டும். சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்தால் பெரிய செலவு ஆகாது.

அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வயதுக்காரர்கள் எங்கள் ஊரில் இன்னும் மூன்று பேர்தான் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு இப்போது காது கேட்பதில்லை. இந்த வருஷமே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெருமாள்மலை, கொடைக்கானல்