பார்வை குறையறவங்களுக்கு அது தெரியாது: பக்கத்துல இருக்கற உங்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்மா அப்பாக்களுக்கு, டீச்சர்களுக்கு, வயசான பெத்தவங்கள கூட வச்சு பாத்துக்கற பிள்ளைங்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்ல. ஒரு கண்ணுல பார்வை கம்மியா இருந்த ஒரு பொண்ணோட அம்மா, கண் அழுத்த நோயில பாதி பார்வைய இழந்த ஒருத்தரோட மக, அவ்வளவுதான். ரெண்டு பேர் கூடவும் ஒரே வீட்டுல இருந்தேன், தினமும் அவங்க முகத்த பாத்தேன், ஆனா ரெண்டு பேருக்கும் கண்ணுல கோளாறுனு எனக்கு ரொம்ப நாள் தெரியவே இல்ல. அதான் இத எழுதறேன்.

பொண்ணுக்கு அப்ப 4 வயசு. சும்மா விளையாட்டுக்கு ஒரு கண்ண மட்டும் கையால பொத்தினேன், இடது கண்ண பொத்தினா சிரிச்சுக்கிட்டே நிக்கறா, வலது கண்ண பொத்தினா என் கைய பிடிச்சு தள்ளறா. திரும்ப பொத்தினேன், திரும்ப தள்ளினா, மூணாவது தடவை அழுதுட்டா. அப்பதான் எனக்கு உறைச்சுது, அந்த வலது கண்ண மூடினா குழந்தைக்கு ஒண்ணும் சரியா தெரியல. ஓடுவா, படம் வரைவா, கீழ கிடக்கற ஊசிய கூட எடுத்து குடுப்பா, எல்லாம் அந்த ஒத்த கண்ணால தான்னு யாருக்கு சந்தேகம் வரும்?

சோம்பேறிக் கண்ணுனு சொன்னாங்க. பேருதான் அப்படி, கண்ணு மேல தப்பே இல்ல. ஒரு கண்ணுல பவர் அதிகமா இருந்து படம் மங்கலாவே வந்துக்கிட்டு இருந்தா மூளை அந்த கண்ண கை விட்டுட்டு நல்ல கண்ண மட்டும் நம்ப ஆரம்பிச்சுடும். பார்வைக்கான இணைப்பெல்லாம் மூளையில சின்ன வயசுலதான் அமையுது. ஹியூபெல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனைக்குட்டியோட ஒரு கண்ண கொஞ்ச நாள் மூடி வச்சு பாத்தாங்க, அப்புறம் திறந்து விட்டாலும் மூளை அந்த கண்ண கண்டுக்கவே இல்ல, வளர்ந்த பூனைக்கு அப்படி மூடினா ஒண்ணும் ஆகல. 1981ல அவங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சுது. நம்ம குழந்தைங்க விஷயத்துல இதோட அர்த்தம் என்னன்னா, 7, 8 வயசுக்குள்ள கண்டுபிடிச்சு கண்ணாடி போட்டு, நல்ல கண்ண தினமும் கொஞ்ச நேரம் மூடி வச்சா பலவீனமான கண்ணு நல்லா தேறி வரும், அதுக்கு மேல போகப் போக கஷ்டம். என் பொண்ணுக்கு தினம் ரெண்டு மணி நேரம் பேட்ச். முதல் வாரம் பூரா பிச்சு பிச்சு எறிஞ்சா, நானும் கூட உக்காந்து அழுதிருக்கேன். இப்ப அந்த கண்ணால தனியா கதைப் புத்தகம் படிக்கறா.

அதனால கைக்குழந்தை வச்சிருக்கறவங்க, "சின்னது தான, வளர வளர சரியாயிடும்"னு தயவு செஞ்சு விட்றாதீங்க. நாலு மாசத்துக்கு மேலயும் கண்ணு மாறி நின்னா காட்டுங்க. குறைமாசத்துல பொறந்த குழந்தைன்னா பொறந்து ஒரு மாசத்துக்குள்ள விழித்திரைய பாக்கணும், ஆஸ்பத்திரியில சொல்லலைன்னாலும் நீங்களே கேளுங்க. ஃப்ளாஷ் போட்டு எடுக்கற போட்டோவுல ஒரு கண்ணு மட்டும் சிவப்பா இல்லாம வெள்ளையா மின்னினா லைட்டு கோளாறுனு நினைச்சு அழிச்சுடாதீங்க, அந்த வாரமே கண் டாக்டர்கிட்ட போங்க. வேற காரணமும் இருக்கலாம், ஆனா விழித்திரையில வர்ற புற்றுநோய் பல குழந்தைங்களுக்கு முதல்ல அப்படித்தான் தெரிய வருது, சீக்கிரம் பிடிச்சா உயிரையும் காப்பாத்தலாம், பல நேரம் கண்ணையும் காப்பாத்தலாம்.

டீச்சர்களே, உங்கள கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். போர்ட பாக்காம பக்கத்து பையன் நோட்ட பாத்து எழுதற பிள்ளை, கண்ண சுருக்கற பிள்ளை, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு படிக்கற பிள்ளை, இவங்கள திட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்க. தூரத்து மரத்துல இலை இலையா தெரியணும்னே அந்த குழந்தைக்கு தெரியாது, எல்லாருக்கும் இப்படித்தான் மங்கலா தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கும், அது எப்படி வந்து கம்ப்ளைன்ட் பண்ணும்? இன்னொண்ணு, விளையாட்டு பீரியட பாடத்துக்கு எடுத்துக்காதீங்க. கிட்டப்பார்வைங்கறது கண்ணு வளர வேண்டியதுக்கு மேல நீளமா வளர்றது, வெளி வெளிச்சத்துல இருக்கற நேரம் அத ஓரளவு தடுக்குது. சீனாவுல குவாங்சோவுல பள்ளிகள்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டு மூணு வருஷம் பாத்தாங்க. சாதாரண பள்ளிகள்ல புதுசா கிட்டப்பார்வை வந்த குழந்தைங்க சுமார் 40 சதவீதம், வெளிய விட்ட பள்ளிகள்ல சுமார் 30 சதவீதம். ஒரு மருந்தும் இல்லாம வெறும் வெளிச்சத்துல கிடைச்ச லாபம் இது! அப்புறம் கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்னு சொல்றது சுத்த பொய், தேவைக்கு கம்மியா பவர் போட்டாலும் அது ஏறாம நிக்காது.

போன், கம்ப்யூட்டர் பத்தி நிறைய பேர் சொல்லிட்டாங்க, நான் நீட்டல. திரைய பாக்கும்போது கண் சிமிட்ட மறந்துடறோம், அதான் எரிச்சல். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கறத 20 செகண்ட் பாருங்க.

இப்ப அப்பா. 62 வயசு வரைக்கும் பேப்பர்ல பொடி எழுத்து கூட படிப்பார், அதனால அவர் கண்ணு நல்ல கண்ணுனு எங்களுக்கு பெருமை. ஆனா வாசல் நிலையில தோள இடிச்சுக்குவார், பக்கத்துல வச்ச டம்ளர கை தட்டி விட்டுடுவார். நான் "பாத்து வரக்கூடாதாப்பா"னு எத்தனை தடவை சிடுசிடுத்திருக்கேன், அவர் ஒண்ணும் சொல்லாம துணிய எடுத்து தரைய துடைப்பார். அந்த துணியோட குனிஞ்சு நின்னது இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவருக்கு பக்கவாட்டுப் பார்வை போயிட்டு இருந்திருக்கு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது, இருட்டாவும் தெரியாது, ஒரு கண்ணு விட்டத இன்னொரு கண்ணு காட்டிடும், மிச்சத்த மூளை இட்டு நிரப்பிடும், அதனால நடுவுல எழுத்து தெளிவா தெரியற வரைக்கும் அவங்களுக்கே சந்தேகம் வராது. இந்த நோயில கெடறது கண்ணுலருந்து மூளைக்கு போற பார்வை நரம்பு, அது செத்தா செத்ததுதான், போனது திரும்பாது. ட்ராப்ஸ், லேசர், ஆபரேஷன் எல்லாம் மிச்சம் இருக்கறத காப்பாத்தத்தான்.

கண்ணு சிவந்தப்ப எழுதிக் குடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்த பழைய சீட்ட வச்சே மாசக்கணக்கா வாங்கி போட்டிருக்கார், அதுவும் அழுத்தத்த ஏத்தி இருக்கலாம்னு டாக்டர் சொன்னார். சொட்டு மருந்துதானேனு நீங்களா போட்டுக்காதீங்க, ப்ளீஸ்.

40 வயசுல வெள்ளெழுத்து வரும்போது கடையில ரெடியா தொங்கற கண்ணாடிய மாட்டிக்கிட்டு போயிடறோம் பாருங்க, அங்கதான் கோட்டை விடறோம். அந்த வயசுல ஒரு தடவை முழுசா காட்டணும். கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தத்த மட்டும் அளந்தா பத்தாது, அது வழக்கமா 10லருந்து 21 மி.மீ. பாதரசத்துக்குள்ள இருக்கும், ஆனா அந்த அளவுல இருந்தும் நரம்பு கெட்டுப் போறவங்க உண்டு, அதனால நரம்பையும் பாக்க சொல்லி கேளுங்க. சர்க்கரை இருக்கறவங்க பார்வை மங்கட்டும்னு காத்திருக்கவே கூடாது. டைப் 2 சர்க்கரைன்னா கண்டுபிடிச்ச உடனே ஒரு தடவை, அப்புறம் வருஷா வருஷம், கண் பாப்பாவ விரிக்கற மருந்து போட்டு விழித்திரைய பாக்கணும், எழுத்து நல்லா தெரியும்போதே உள்ள ரத்தக்குழாய் கசிஞ்சுக்கிட்டு இருக்கலாம்.

கண்புரைக்கு "முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்"னு சொல்றது பழைய காலத்து பேச்சு. இன்னைக்கு அன்றாட வேலைக்கு இடைஞ்சல்னா எடுத்துடலாம், விட்டு விட்டு கல்லாட்டம் இறுகினாதான் ஆபரேஷன் கஷ்டம். சொட்டு மருந்துல புரை கரையாது. அதே மாதிரி திடீர்னு கண்ணுக்குள்ள மின்னல் வெட்டற மாதிரி, கறுப்பு புள்ளிங்க கூட்டமா மிதக்கற மாதிரி, ஓரத்துல திரை விழுற மாதிரி இருக்குனு யாராவது சொன்னா நாளைக்கு பாக்கலாம்னு சொல்லாதீங்க, விழித்திரை பிரியறதா இருக்கலாம், அன்னைக்கே போகணும்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு, ஒரு கண்ண மூடி காலண்டர பாக்க சொல்லுங்க, அப்புறம் அடுத்த கண்ணு. இது டெஸ்ட்டுக்கு பதில் ஆகாது, ஆனா எத்தனையோ பேருக்கு அப்பதான் முதல் தடவையா தெரிய வரும்.

கண் அழுத்த நோய் இருக்கறவங்களோட பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்களுக்கு ஆபத்து மத்தவங்கள விட பல மடங்கு அதிகம். நான் வருஷத்துக்கு ஒரு தடவை போயிட்டு வர்றேன். என் தம்பிக்கு 41 ஆகுது, "எனக்கு நல்லா தெரியுதுக்கா"னு சொல்லிக்கிட்டு இன்னும் போகல. இந்த மடல முதல்ல அவனுக்குத்தான் அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா, ஒரு மக, ஒரு அக்கா