முதலில் குரல்களைப் பதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் ஊர் வரலாற்றுக்கு இலவச மின்காப்பகம் வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். கட்டுரை சொல்வது அத்தனையும் தேவைதான். எதை முதலில் செய்வது என்பதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஸ்கேனர் வாங்கும்வரை காத்திருக்காமல் ஒலிப்பதிவை இன்றே தொடங்க வேண்டும்.

இப்படி ஒரு காப்பகம் தொடங்கினால் முதலில் என்ன வந்து சேரும்? பண்ணை வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக மலர்கள், 1980-இல் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் பதவியை ஒழித்தபோது சில வீடுகளிலேயே தங்கிவிட்ட கணக்குக் கட்டுகள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், காகிதம் வைத்திருந்தவர்களின் வரலாறே ஊரின் வரலாறு என்று ஆகிவிடும். நாற்று நட்டவர்களும், வரப்பு வெட்டியவர்களும், வாய்க்கால் தூர் வாரியவர்களும் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்க அவர்களை விட்டால்தானே?

1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பு கூலி நெல்லை எந்த மரக்காலில் அளந்தார்கள்? சட்டம் வந்த கையோடு எந்தெந்தக் குடும்பத்தைக் குடியிருந்த மனையைவிட்டுக் கிளப்பினார்கள்? அப்போது பதினைந்து வயதில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவருக்கு இன்று தொண்ணூறை ஒட்டிய வயது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது நாடறிந்த கொடுமை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுற்றுவட்டார ஊர்களின் களத்துமேடுகளில் கூலி உயர்வுக்காக யார் எழுந்து பேசினார்கள், பேசியவருக்கு மறுநாள் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தந்த ஊர்ப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஒரு பெரியவர் போனால் அவரோடு அதுவும் போகிறது.

நடவுப் பாட்டுக் கேட்டுப் பதியலாம் என்று எங்கள் பக்கத்து ஊரில் ஓர் அம்மாவிடம் போனேன். இரண்டு பாட்டுப் பாடியவர், பிறகு வயல்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாவலடிக் காணி, முனியன் திடல், உப்புப் பங்கு, ஓடம்போக்கிக் கரைத் துண்டு. எதில் முழங்கால்வரை புதையும், எதில் அட்டை அதிகம், எந்த மதகைத் திறந்தால் எதற்கு முதல் தண்ணீர் என்று வரப்பு மேலேயே நடந்து போகிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார். அடங்கல் என்ற அரசு நிலக் கணக்கில் இவற்றுக்கெல்லாம் வெறும் புல எண்தான். பக்கத்தில் இருந்த பேத்தி, "எங்கிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லியே அப்பாயி" என்றாள். "நீ எப்ப வயலுக்கு வந்த?" என்றார் அவர். அந்த ஒலிப்பதிவை அந்த ஊரின் நில வரைபடத்தோடு சேர்த்து வைத்தால், அதற்கு ஈடாக எந்த அலுவலகத்திலும் ஓர் ஆவணம் கிடையாது.

காகிதமும் அழிகிறதே என்று கேட்பார்கள். நியாயம்தான். 1952, 1977 புயல்களும் 2004 சுனாமியும் 2018 கஜாவும் எங்கள் பெட்டிகளை எப்படி வாரிக்கொண்டு போயின என்பதைக் கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கெல்லாம் இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கட்டும். ஆனால் காகிதத்துக்கும் குரல் வேண்டும். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் வீடுகளில் தகரப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கின்றன. "சின்னவனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவும், மேலவீட்டுக் கடனைத் தீர்க்கவும்" என்று எழுதியிருக்கும். யார் அந்தச் சின்னவன், எது மேலவீடு என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தும் பாதிக் கடிதம்தான் மிஞ்சும்.

தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே கடற்கரையில் ஐம்பது வருடத்துக்கு முன் எடுத்த பள்ளிக்கூட குரூப் போட்டோவில் யார் யார் என்று சொல்ல முடியாமல் நிற்கிறோம். இது எனக்குத் தாங்கவில்லை. ஈழத்தில் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. பிறகு போரும் இடப்பெயர்வும். அத்தனைக்கும் நடுவில் 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' என்ற மின்நூலகம் இன்று நூல்கள், இதழ்கள், வாய்மொழி வரலாறு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கவும் கேட்கவும் தருகிறது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

பெரிய செலவும் இல்லை. கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொடக்கத்திலேயே பேசுபவர் பெயர், ஊர், தேதி சொல்லிப் பதிய வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கோப்பை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஒன்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே ஏற்றலாம். படங்களையும் கடிதங்களையும் வீட்டுக்காரர் கண்முன்னாலேயே ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழைய படங்களை லேமினேட் செய்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். ஒட்டியதைப் பிரிக்கப் போனால் படமே உரிந்து வந்துவிடும்.

பேசியவர் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் வெளியே போகக் கூடாது. நிலத் தகராறு, குடும்ப விஷயம் என்று அவர் நிறுத்தி வைக்கச் சொன்னால் அவர் சொல்லும் காலம்வரை நிறுத்தி வைக்கத்தான் வேண்டும். ஆனால் தெருவின் சாதிப் பெயரும் கொடுத்த அடியும் பதிவில் இருந்தால், ஊர் மானம் போகிறது என்று யாரும் வெட்டக் கூடாது. அதற்கு இடம் கொடுத்தால் இந்தக் காப்பகமே வேண்டாம்.

1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் வட்டத்துக்கு ஒரு கிளை நூலகத்திலாவது சத்தம் புகாத சின்ன அறை, ஒரு ஸ்கேனர், பயிற்சி பெற்ற ஒருவர் என்று நூலகத் துறை கொடுக்கலாம். நாற்காலியும் அலமாரியும் போட்ட கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது. படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் வரத் தயாராக இருக்கிறார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இதழின் டெல்டா பக்கத்தில் வாரம் ஒரு பழைய படத்தை வெளியிட்டு, 'இதில் இருப்பவர்கள் யார்?' என்று கேளுங்கள். பதில் எழுதுகிறவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசிப் பதிந்துவரும் வேலையை நானும் என் பழைய வாசகர்கள் சிலரும் எடுத்துக்கொள்கிறோம். முதல் படத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.