பற்றரி இல்லாத சோலார் படுவான்கரைக்கு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் கிராம அபிவிருத்தி என்று யார் மேடை ஏறினாலும் இப்போது டிஜிட்டலும் சோலாரும் பேச்சில் வராமல் போவதில்லை. நல்லதுதான். ஆனால் அந்த சோலார் எந்த சோலார் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய, கூரையில் தகடு போட்டு மின்சாரத்தை லைனுக்குக் கொடுக்கிற திட்டம். பெரிய கூரையும் பெரிய பில்லும் உள்ளவர்களுக்கு இலாபம், சரி. சின்ன பில் கட்டுகிற தகரக் கூரை வீட்டுக்கு அதில் என்ன இருக்கிறது? அதோடு பலருக்கு இன்னும் தெரியாத விஷயம், லைனில் கரண்ட் போனால் பற்றரி இல்லாத இந்த சோலாரும் தானாக நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்று இன்வேர்ட்டரையே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது தகடு போட்ட வீடுகளிலும் மெழுகுதிரிதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ தேவை குறைந்துவிட்டது, பகலில் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது!

இதற்கிடையில் 2022இல் வந்த எரிபொருள் கியூஆர், அஸ்வெசும நிவாரணம், பிள்ளைகளின் வட்ஸ்அப் பாடம் என்று எல்லாம் போனுக்குள் போய்விட்டது. மாரியில் மரம் விழுந்து லைன் அறுந்தால் வெல்லாவெளிப் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கொஞ்ச நேரத்தில் டவர் பற்றரியும் இறங்கிவிடும், சிக்னலும் போச்சு. யானை இறங்கிவிட்டது என்று பக்கத்து வயல் வட்டைக்குச் சொல்லவும் வழியில்லை. எங்கள் பக்கம் பற்றரியோடு சோலார் இருப்பது பெரும்பாலும் யானை வேலிக்குத்தான், அதுவும் புல் வளர்ந்து கம்பியில் முட்டினால் சக்தி போய்விடும், அந்தப் புல்லை யார் வெட்டுவது என்று சண்டை வேறு.

ஆகவே வீட்டுக்கு வீடு தகடு கொடுப்பதற்கு முன், கிராம சேவகர் அலுவலகம், பாடசாலை, வாசிகசாலை, டவர் எல்லாவற்றுக்கும் பற்றரியோடு சோலார் போடுங்கள். சில வருடத்தில் பற்றரி மாற்ற வேண்டி வரும், அந்தக் காசையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும். லைன் வருவதற்கு முன் கடனுக்கு வாங்கிய சோலார் செட்டுகள் பல இன்று கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கின்றன. ஊருக்கு இரண்டு பிள்ளைகளையாவது மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பி இன்வேர்ட்டர் திருத்தப் பழக்கினால், ஒரு பியூஸ் போனதற்கெல்லாம் குருமண்வெளித் துறையில் வாவியைத் தாண்டி ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வாசகர் ஒருவர்,
மண்டூர்