பழைய பொம்மையைக் கழுவும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் ஸ்டோர் ரூமிலிருந்து தாத்தா காலத்துத் தகரக் கார், சாவி கொடுத்தால் நடக்கும் யானை, அம்மாவின் பார்பி, எண்பதுகளில் வாங்கிய ரோபோ எல்லாம் வெளியே வருகின்றன. பாதிப் பொம்மைகளின் ஆயுள் அடுத்த அரை மணி நேரத்தில் முடிகிறது. ஒரு வாளி சோப்புத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், அப்புறம் சன்னலோர வெயில், அவ்வளவு போதும். நாற்பது வருடம் இருட்டில் தாக்குப்பிடித்தது ஒரே நாள் சுத்தத்தில் போய்விடும். இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை குளிரான, வறண்ட ஊர்க்காரர்கள் சொல்வது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அங்கே தானாகக் காய்வது இங்கே உள்ளுக்குள் துருப்பிடிக்கும். பழைய பொம்மைகளைச் சீர்செய்வதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்த ஊருக்குப் பொருந்தும் விவரம் தேவை என்பதால் இக்கடிதம்.

அழுக்கைப் பார்ப்பதற்கு முன் பொருள் எதுவென்று பார்க்க வேண்டும். தகரத்துக்குச் செய்வதைத் துத்தநாக வார்ப்புக்குச் செய்ய முடியாது. கெட்டி பிளாஸ்டிக்குக்குச் செய்வதை ரப்பர் மாதிரி வளையும் பிவிசிக்குச் செய்ய முடியாது.

தகரத்திலிருந்து தொடங்கலாம். பழைய ஜப்பானியத் தகர பொம்மையின் நிறம் தூரிகையால் தீட்டியதல்ல, தகட்டிலேயே அச்சடித்தது. மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு, அவ்வளவுதான். ஆல்கஹாலோ தின்னரோ பட்டால் நிறம் பஞ்சோடு வந்துவிடும். நேச நாட்டுப் படைகளின் பிடியில் ஜப்பான் இருந்த 1952 வரை ஏற்றுமதிப் பொருள்களில் ‘மேட் இன் ஆக்குப்பைட் ஜப்பான்’ என்ற முத்திரை இருந்தது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்தச் சின்ன எழுத்தைத்தான். அது பெரும்பாலும் அடிப்பக்கத்தில், அழுக்கு அதிகம் சேரும் இடத்திலேயே இருக்கும் என்பதால் தேய்ப்பவர் கையில் முதலில் அழிவதும் அதுதான்.

சுத்தம் செய்ய 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு மென்மையான பாத்திர சோப்பு போதும். பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, தகட்டின் மேல் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் அழுக்கு. சிவப்போ நீலமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். பொம்மையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. தகடுகள் மடிந்து சேரும் இடுக்கில் நீர் புகுந்தால் நம் காற்றில் அது காய்வதில்லை. சில நாளில் துரு உள்ளிருந்து கிளம்பி அச்சுப்படத்தை மேலே தள்ளும். வேலை முடிந்ததும் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துப் பத்து நிமிடமாவது காட்டுங்கள்.

சாவி திரும்பவில்லை என்றால் ஸ்பிரிங் உடைந்துவிட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருக்கும். தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து, பல்சக்கர அச்சுத்தண்டுகள் தகட்டில் நுழையும் துளைகளில் மட்டும் வையுங்கள். பல்சக்கரத்தின் பல்லில் எண்ணெய் விட்டால் தூசியும் நூலும் சேர்ந்து மறுபடி அடைத்துக்கொள்ளும். வீட்டிலிருக்கும் எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. நல்லெண்ணெய் நாள்பட நாள்படப் பிசினாகும், தேங்காய் எண்ணெய் பித்தளையில் பச்சை ஏற்றும். ஒரு நாள் ஊறவிட்டு அரைச் சுற்று, பிறகு ஒரு சுற்று என்று பழக்குங்கள். உடலைப் பிரித்தால்தான் ஆகும் என்றால், தகடுகளை மடித்துப் பூட்டியிருக்கும் சிறு காதுகளை நிமிர்த்துவதில் கவனம் தேவை. பழைய தகரக் காது இரண்டு மூன்று முறைக்கு மேல் மடங்காது, முறிந்துவிடும். உடல் கழலும் அளவுக்கு மட்டும் நிமிர்த்தினால் போதும்.

பேட்டரி பொம்மைகளில் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது வெள்ளைத் தூள் அல்லது பச்சைக் கசிவு. இங்கேதான் ‘வினிகர் போடு’ என்ற பொது மருத்துவம் தப்பாகிப் போகிறது. ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் அது காரம். வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக்குச்சி அதைக் கரைக்கும், லேசாக நுரைக்கும். அறுபது, எழுபதுகளின் பொம்மையில் இருந்தது பெரும்பாலும் ஜிங்க்-கார்பன் பேட்டரி. அதன் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்கு வினிகர் விட்டால் எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை நாலைந்து சொட்டு நீரில் குழைத்துத் தடவ வேண்டும். எது கசிந்தது என்று தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் பேட்டரியின் உறையைப் படியுங்கள், அதில் எழுதியிருக்கும். எதைப் போட்டாலும் பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்துக் காயவிட வேண்டும். ஆல்கஹால் பேட்டரி தொடும் உலோகத் தொடுமுனையில் மட்டும் படட்டும், சுற்றியுள்ள அச்சுப்படத்தில் வேண்டாம். தொடுமுனையை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்ப்பவர்கள் உண்டு. மேலிருக்கும் நிக்கல் பூச்சு போய்விட்டால் அடியிலுள்ள இரும்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. முனையில் கண்ணாடி இழைகள் கொண்ட உரசும் பேனாவால் இரண்டு இழுப்பு போதும். அந்த இழைத் துகள் விரலில் ஏறும், கையுறை போடுங்கள்.

திருகாணிக்கும் ஒரு வார்த்தை. ஜப்பானியப் பொம்மைகளின் கூட்டல்குறித் தலைக்கு ‘ஜிஸ்’ என்ற ஜப்பானிய அளவு ஸ்குரூ டிரைவர் வேண்டும். சாதாரண பிலிப்ஸ் வழுக்கித் தலையைக் கரைத்துவிடும். மறுபடி பூட்டும்போது முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள், ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். திருகாணி பழைய புரியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு முறுக்கினால் பிளாஸ்டிக் புதுப்புரி வெட்டிப் பிளக்காது.

மேட்ச்பாக்ஸ், டிங்கி, கார்கி கார்களின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953ல் மேட்ச்பாக்ஸ் வரிசையைத் தொடங்கியது. டிங்கி லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் செய்தது. போருக்கு முந்திய டிங்கிகளில் உடல் வெடித்து, வீங்கி, பொரிந்து நிற்பதைப் பார்க்கலாம். வார்ப்பில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உலோகமே உள்ளுக்குள் அரிக்கும் நோய் அது, ஈரப்பதம் அதைத் துரிதப்படுத்தும். அதற்கு மருந்து கிடையாது. பசையும் பெயின்ட்டும் வீண் செலவு. உலர்ந்த இடத்தில் அசைக்காமல் வைக்கலாம்.

நல்ல உடலாக இருந்து, பெயின்ட் முக்கால்வாசி போயிருந்தால் மட்டும் மறுபெயின்ட்டைப் பற்றி யோசியுங்கள். மூலப் பெயின்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால் அப்படியே விடுவதே நல்லது, தேய்ந்த அசலுக்குத்தான் மதிப்பு. அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலையை 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால், தலை கழலும் அளவுக்கு மட்டும், கையாலோ மெதுவான வேகத்திலோ குடையுங்கள். பிறகு மிஞ்சிய தண்டின் நடுவில் 1.6 மில்லிமீட்டர் துளையிட்டு எம்2 டேப்பால் (2 மில்லிமீட்டர் திருகாணிக்குப் புரி வெட்டும் கருவி) புரி வெட்டினால் குட்டித் திருகாணியால் பூட்டலாம். பிளாஸ்டிக் சன்னல் கண்ணாடி, இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே உடலை அசிட்டோன் உள்ள மூடிய கண்ணாடிப் புட்டியில் போட வேண்டும். மறந்துபோய்க் கண்ணாடியோடு போட்டால் பிளாஸ்டிக் கூழாகிவிடும். சில மணி நேரத்தில் பெயின்ட் சுருங்கும், பழைய பல்துலக்கியால் தள்ளினால் வந்துவிடும். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். காஸ்டிக் சோடா துத்தநாகத்தையே தின்னும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உலர உரசி அந்தத் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. ஈரத் தாளால் உரசி, கழிவைத் துணியில் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

ஸ்பிரே அடிப்பதில் நம் வானிலைக்கென்று ஒரு தொல்லை உண்டு. மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் அடித்தால் பெயின்ட் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். வெயில் ஏறிய உலர்ந்த நேரமாகப் பார்த்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, 24 மணி நேரம் கழித்து நிறம், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. கனமான ஒரே பூச்சு கதவின் கோட்டையும் எழுத்தையும் மூடி, பொம்மையைச் சோப்புக்கட்டி போலாக்கிவிடும். பொது நடைவழியில் நின்று அடிப்பது வேண்டாம். காற்றில் காய்ந்த துகள் அண்டை வீட்டார் மூங்கில் கழியில் உலர்த்திய துணியில் போய் ஒட்டும், அப்புறம் வரும் சண்டையைத் தின்னர் போட்டுத் துடைக்க முடியாது.

பழுத்துப்போன வெள்ளை லெகோ கட்டைகளையும் சாம்பல் நிற ரோபோக்களையும் வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் சூரியனும் போதும். மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காட்டுக் கரைசல் மெதுவாக வேலை செய்யும். முடிதிருத்தும் கடைக்கான 12 விழுக்காட்டு வகை வேகமானது. 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டது இங்கே கட்டுப்பாட்டில் உள்ள பொருள், வீட்டுக்குத் தேவையும் இல்லை. ஒட்டுப்படம், இரும்புத் திருகாணி, அச்சிட்ட பாகம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, தெளிவான டப்பாவில் முழுக்க மூழ்க வையுங்கள். மிதக்கும் துண்டின் மேல் ஒரு கண்ணாடிக் கோலியை வைக்கலாம். மூடியை இறுக்காதீர்கள், ஆக்சிஜன் சேர்ந்து டப்பா வெடிக்கும். நம் ஊரில் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பதால் வெளிநாட்டுக் குறிப்பிலுள்ள இரண்டு நாள் இங்கே நாலைந்து மணி நேரத்தில் முடியலாம். ஒவ்வொரு மணிக்கும் எடுத்துப் பாருங்கள். கூடுதலாக விட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போலாகும், அதைத் திருப்ப முடியாது. பெராக்சைடின் கிரீம் வகையைத் தடவிப் பிளாஸ்டிக் தாள் சுற்றும் முறையில் காய்ந்த இடம், குமிழி விட்ட இடம் எல்லாம் பளிங்குக் கோடாக நிற்கும். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். இத்தனை செய்தும் மஞ்சள் சில வருடத்தில் திரும்பி வரும். நிறம் மட்டுமே பிரச்சினையானால் சும்மா விட்டுவிடலாமே என்பது என் கருத்து.

பிவிசி பொம்மையின் தோல் பிசுபிசுப்பது அழுக்கால் அல்ல. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்கலாம், மறுபடி வரும். காற்றுப்புகாத பையில் கட்டினால் இன்னும் மோசம். குமிழி உறையில் சுற்றினால் குமிழியின் வட்டம் வட்டமான தழும்பு முகத்தில் பதியும். ரப்பர் டயர் பிளாஸ்டிக் தட்டில் நிரந்தரமாகப் படுத்தால் தட்டையே கரைத்துக் குழியாக்கும். பழைய பார்பியின் காது பச்சையாவது தோட்டின் செம்பு கலந்த உலோகத்தால். தோட்டைக் கழற்றிவிட்டு, முகப்பருவுக்குப் போடும் 10 விழுக்காட்டு பென்சாயில் பெராக்சைடு கிரீமைப் பச்சையின் மேல் மட்டும் வைத்துப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பல நாள் ஆகும். சுற்றியுள்ள தோலில் பட்டால் அங்கே வெள்ளைத் திட்டு விழும்.

தேய்த்தால் கற்பூர வாசம் வரும் லேசான பழைய பொம்மை செல்லுலாய்டு. சட்டெனத் தீப்பற்றும், அழுகத் தொடங்கினால் அதன் ஆவி பக்கத்திலுள்ள உலோகத்தையும் அரிக்கும். மற்றவற்றோடு சேர்க்காமல், விளக்கிலும் வெயிலிலும் படாமல் காற்றோட்டமாக வையுங்கள்.

வைக்கும் இடம் 45 முதல் 55 விழுக்காட்டு ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். கேமராவுக்கு விற்கும் மின்சார உலர்பெட்டி இதற்குக் கச்சிதம். அது இல்லையென்றால் இறுக்கமாக மூடும் பெட்டி, சிறு ஈரமானி, சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவன் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். அரிசிப் பையில் வைப்பதால் வண்டுதான் வரும். ஈய வீரர்களை மரப்பெட்டியில் வைக்க வேண்டாம், மரம் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைத் தூளாகும். வினிகர் வாடையடிக்கும் சிலிக்கோன் பசையால் ஒட்டிய கண்ணாடிப் பெட்டியும் அப்படியே.

உதிரிபாகத்துக்கு முன்பெல்லாம் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்தது, 2017 ஜூலை 10ல் அதுவும் மூடியது. இப்போது இணையத்தில் உடைந்த பொம்மைகளை மொத்தமாக வாங்கி அவற்றிலிருந்து சக்கரம், கண்ணாடி எடுப்பதுதான் வழி. சீர்செய்ததை விற்பவர்கள் எந்தப் பெயின்ட் புதிது, எந்த டயர் மாற்றியது என்று அடித்தகட்டில் ஒரு சீட்டு ஒட்டிவிட வேண்டும். அசலென்று சொல்லி விற்பது மோசடி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பழைய பெயின்ட் பூசிய எதையும், எவ்வளவு அழகாகச் சீர்செய்திருந்தாலும், அவர்கள் வாயில் வைக்கும்படி கையில் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்