டிஃப் லொக் தேவையில்ல எண்டு இனி சொல்லாதேங்கோ: கொழும்பில டபுள் கெப் விக்கிறவைக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில டபுள் கெப் இறக்கி விக்கிற கம்பனிக்காரருக்கும், ஷோரூமில நிண்டு எங்களுக்கு விளக்கம் சொல்லுற தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

நான் வெள்ளவத்தையில இருக்கிறன். ஜெனரேட்டர், வோட்டர் பம்ப் திருத்துறது தொழில், அதால மாசத்தில பாதி நாள் றோட்டிலதான், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தெனியாய எண்டு தோட்டந் தோட்டமாப் போறனான், சில நேரம் வவுனியா முல்லைத்தீவுப் பக்கம் வயல் பம்ப் வேலைக்கும் போவன். என்னட்ட ரெண்டு கெப் இருக்கு. ஒண்டு பழசு, பின் டிஃப் லொக் உள்ளது (டிஃப் எண்டது எஞ்சின்ர பலத்தை ரெண்டு பக்கச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற கியர், லொக் அதைப் பூட்டி ரெண்டு சில்லையும் ஒரே வேகத்தில சுத்த வைக்கும்). மற்றது அதை விடப் புதுசு, லொக் இல்ல, ட்ரக்ஷன் கண்ட்ரோல் மட்டும், அதாவது சறுக்கிச் சுத்துற சில்லைத் தானாப் பிரேக் பிடிக்கிற ஏற்பாடு. புதுசை எடுக்கேக்க நான் கேட்ட முதல் கேள்வியே இதில டிஃப் லொக் இருக்கோ எண்டுதான், அதுக்கு அங்க நிண்ட தம்பி "அண்ணா, இதில ட்ரக்ஷன் கண்ட்ரோல் இருக்கு, லொக் எல்லாம் பழைய காலத்துச் சாமான், இனித் தேவையில்ல" எண்டு சொன்னார். நம்பி எடுத்திட்டன். அவரில எனக்குக் கோபம் இல்ல, அவருக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா அதே வசனத்தை பிறகும் மூண்டு நாலு இடத்தில கேட்டிட்டன், அதாலதான் இதை எழுதுறன்.

பொகவந்தலாவைக்கு மேல ஒரு தோட்டத்துக்கு ஜெனரேட்டர் ஏத்திக்கொண்டு போனனான். மழை விட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்த றோட்டுகள் தெரியும்தானே, மழைத்தண்ணி ஓட றோட்டுக்குக் குறுக்கால கான் வெட்டி விட்டிருப்பினம், ஏத்தத்தில அதைச் சரிவாத்தான் கடக்க வேணும். பின் இடது சில்லு கானுக்க இறங்கித் தொங்குது, முன் வலது சில்லு நிலத்தில முட்டியும் முட்டாமலும் நிக்குது, பாரம் முழுக்க மற்ற ரெண்டு சில்லிலயும். ஃபோர் லோவில (நாலு சில்லும் மெதுவா, கூடின பலத்தோட இழுக்கிற கியர்) போட்டு மிதிச்சா தொங்குற ரெண்டும் சும்மா சுத்துது, பிரேக்கைப் பிடிக்கிற ஏபிஎஸ் பம்ப் கிர் கிர் எண்டு அடிக்குது, வண்டி ஒரு சாண் ஏறி நிண்டிடும், காலை எடுத்தா திரும்பப் பின்னால வரும். மூண்டாந்தரம் பிரேக் மணக்கத் தொடங்கீட்டுது. கடைசியில தோட்டத்துப் பெடியள் ஆறு பேர் பின்னால வந்து தள்ளித்தான் ஏறினது. அந்த ஏத்தத்தில, ஈர மண்ணில, பாரத்தோட நிக்கிற வண்டிக்குப் பின்னால ஆறு பேர். ஒருத்தர் சறுக்கி விழுந்திருந்தா எண்டு நினைச்சா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு பதறுது.

அடுத்த கிழமை அதே மழை, அதே கான், பழைய கெப்பைக் கொண்டு போனன். கானுக்கு முன்னால நிப்பாட்டி லொக் சுவிட்சை அமத்தி, லைட் மினுங்கிறது நிண்டு ஒரேயடியா எரியிறவரைக்கும் ஆறுதலா உருட்டி, பிறகு முதல் கியரில ஐடிலுக்குக் கொஞ்சம் மேல. சத்தமே இல்லாமல் ஏறிட்டுது. தள்ள வந்த பெடியள் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவை.

இது ஏன் இப்பிடி நடக்குது எண்டு உங்கட சேல்ஸ் ஆக்களுக்கு ஒருக்கால் சொல்லிக் குடுங்கோ, கஷ்டமான விஷயம் இல்ல. சாதாரண டிஃப் ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் ஒரே அளவு முறுக்குத்தான் (சில்லைச் சுத்துற பலம், டோர்க்) குடுக்கும். சேத்தில இருக்கிற சில்லு 100 நியூட்டன் மீட்டருக்கு மேல தாங்காமல் சறுக்குது எண்டு வையுங்கோ, அப்ப நல்ல நிலத்தில நிக்கிற சில்லுக்கும் அதே 100தான் போகும், மொத்தம் 200. ஏத்தத்துக்கு 700 வேணும் எண்டா வண்டி அசையாது. ட்ரக்ஷன் கண்ட்ரோல் என்ன செய்யுது எண்டா, சுத்துற சில்லைப் பிரேக்கால இறுக்கிப் பிடிக்குது. 500 அளவுக்குப் பிடிச்சா டிஃப்புக்கு அந்தப் பக்கம் 600 போலத் தெரியும், மற்றப் பக்கத்துக்கும் 600 போகும், நிலத்துக்கு 700 கிடைக்கும், வண்டி ஏறும். ஆனா எஞ்சின் 1200 குடுக்க வேணும், அதில 500 பிரேக்கில சூடாப் போகுது. லொக்கில இடது வலது ரெண்டு பக்கத்து எக்ஸலும் ஒண்டாச் சேந்து ஒரே வேகத்தில சுத்தும், சேத்துச் சில்லு தன்ர 100ஐ எடுக்கும், நல்ல சில்லு 600ஐ எடுக்கும், எஞ்சின் குடுக்கிறதும் 700தான். வீணாப் போக ஒண்டும் இல்ல. இது நான் விளங்குறதுக்காகப் போட்ட கணக்கு, ஆனா நடக்கிறது இதுதான்.

இன்னொரு விஷயம், ட்ரக்ஷன் கண்ட்ரோலுக்கு முதல்ல சில்லு சுத்த வேணும். சுத்தினாப் பிறகுதான் சென்சர் கண்டுபிடிச்சு பம்ப் வேலை செய்யும், அதுக்குள்ள ஈர மண்ணில சில்லு ஒரு குழி தோண்டீடும். அதோட சில்லு சுத்தேக்க டிரைவர்மார் பயந்து காலை எடுத்திடுவினம், அப்ப அதுவும் வேலையை விட்டிடும். சீரா மிதிச்சுக்கொண்டு ஒண்டு ரெண்டு செக்கன் பொறுக்க வேணும் எண்டு எத்தினை பேருக்கு டெலிவரி குடுக்கேக்க சொல்லியிருக்கிறியள்? கனக்க கெப்புக்குப் பின்னால இன்னும் ட்ரம் பிரேக்தான், சேறு உள்ள போய் அடைஞ்சு, சூடும் ஏறினா அது பிடிக்கிற பிடியும் குறைஞ்சிடும்.

அதுக்காக ட்ரக்ஷன் கண்ட்ரோலைக் கூடாது எண்டு நான் சொல்லேல்ல. பின்னேர மழையில கடுகண்ணாவை வளைவுகளில வெறும் வண்டியா வரேக்க பின் பக்கம் இழுபட்டுப் போகாமல் என்னைக் காப்பாத்தினது அதுதான், லொக் இல்ல. டிரைவர் ஒண்டும் செய்யத் தேவையில்ல, முன் சில்லுக்கும் வேலை செய்யும், வேகத்திலயும் வேலை செய்யும், நனைஞ்ச தார் றோட்டுக்கு அதை விட நல்லது இல்ல. லொக்கைத் தாரில போட்டா வண்டி வளையாது, நேராத் தள்ளிக்கொண்டு போகும், டயர் தேயும், எக்ஸலுக்கும் கேடு. பக்கச் சரிவில லொக்கைப் போட்டா ரெண்டு பின் சில்லும் சேந்து ஒரேயடியாக் கீழ்ப்பக்கம் இழுபடும், பள்ளப் பக்கம் வேலி இல்லாத தோட்டத்து றோட்டில அது உயிருக்கே ஆபத்து. ரெண்டும் ரெண்டு வேலைக்கு. குடையும் இருக்கு, அதால செருப்புத் தேவையில்ல எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம்தானே.

இதையும் யோசிச்சுப் பாருங்கோ, இசுசு டிமாக்ஸ் கெப்புக்கு பழைய மொடலிலயே ட்ரக்ஷன் கண்ட்ரோல் இருந்தது. அப்பிடி இருந்தும் 2019ல தாய்லாந்தில வெளியான புதுத் தலைமுறையோட பின் டிஃப் லொக்கையும் சேத்தவை. டொயோட்டா ஹைலக்ஸிலயும் ட்ரக்ஷன் கண்ட்ரோல் இருக்கிற மொடலுகளிலயே லொக்கும் வருது. ஒண்டு மற்றதுக்குப் பதில் எண்டா செய்யிற கம்பனியே ஏன் ரெண்டையும் சேத்துப் போடுது?

இனி எனக்கு உண்மையா வலிக்கிற இடத்துக்கு வாறன். லொக் வாற வண்டி எது? லெதர் சீட், பெரிய ஸ்கிரீன், அலோய் வீல் உள்ள மேல் வேரியன்ட். அதை எடுக்கிற ஆக்களில கனபேர் கொழும்பு ஏழிலயிருந்து பத்தரமுல்லைக்குப் போய் வருவினம், அது அவையின்ர விருப்பம், அதில பிழை இல்ல. ஆனா லயத்துக்கு மருந்து கொண்டு போறவர், மின்சார லைன் பாக்கிறவை, வயலுக்குப் பசளை ஏத்திறவர், என்னைப் போல தொழிலுக்கு ஓடுற ஆக்கள், நாங்கள் லீசிங் போட்டு எடுக்கிறது அடி வேரியன்ட், அதில லொக் இல்ல. 2017 மேயில களுத்துறை மாவட்டம் வெள்ளத்தில கிடக்கேக்க புளத்சிங்கள பக்கம் நாங்கள் அரிசியும் மாவும் ஏத்திக்கொண்டு போனது எல்லாம் இப்பிடியான துணி சீட் கெப்பிலதான். சேத்துக்குள்ள இறங்கிற வண்டிக்கு லொக்கைக் குடுக்காமல் சேறே காணாத வண்டிக்குக் குடுக்கிறது எனக்கு நியாயமாப் படேல்ல.

பிறகு போட்டுக்கொள்ளலாம்தானே எண்டு கேப்பியள். அதையும் பாத்தனான். பஞ்சிகாவத்தையில எனக்குத் தெரிஞ்ச ஒரு நானா இருக்கிறார், டிஃப் வேலையில அவரின்ர கையைத்தான் நான் நம்புவன். அவர் சொன்னது, லொக்கோட பழைய டிஃப் ஒண்டு கிடைச்சாலும் முதல் ரேஷியோவை (கியர் பல்லு விகிதத்தை) பாக்க வேணும், டிஃப்புக்குள்ள இருக்கிற கிரவுண் வீல், பினியன் எண்ட ரெண்டு கியரின்ர பல்லை எண்ணிப் பாத்து முன் டிஃப்போட ஒத்துப் போகாட்டி ஃபோர் வீலில போட்ட நேரமே முன்னும் பின்னும் ஒண்டையொண்டு இழுத்து கியர் பெட்டி வரைக்கும் கேடு வரும். காத்தில வேலை செய்யிற வெளிக் கம்பனி லொக் போட்டா கம்ப்ரெசர், குழாய், வயரிங், அதுக்கு மேல பினியன் பல்லு பொருந்துற இடைவெளியை ஷிம் எண்ட மெல்லிய தகடு வைச்சுச் சரிக்கட்ட வேணும், கொஞ்சம் பிழைச்சாலும் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில ஊளையிடத் தொடங்கும். "மகன், புது வண்டியைக் கழட்டாதீங்க, வாரண்டி போயிரும்" எண்டு நானாவே என்னைத் திருப்பி அனுப்பினவர். காசு வாற வேலையை வேண்டாம் எண்டு சொன்ன மனுசன் அவர். பெக்டரியில ஒரு சின்ன மோட்டரும் ஒரு ஃபோர்க்கும் ஒரு சுவிட்சுமா வரவேண்டிய சாமானுக்கு நாங்கள் இவ்வளவு அலைய வேண்டிக் கிடக்கு.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தவை. அஞ்சு வருஷம் பழைய வண்டியை ஒட்டி ஒட்டி ஓடினாக்கள் இப்ப வரியையும் விலையையும் பாத்துப் பெருமூச்சு விட்டிட்டு, இருக்கிற நகையையும் வைச்சு ஒரு கெப் எடுக்க வருகினம். அவைக்கு இது பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்கு ஒருக்கால் எடுக்கிற முடிவு. உங்கட ஆக்கள் அந்தக் கவுண்டரில சொல்லுற ஒரு வசனத்தை நம்பித்தான் கையெழுத்துப் போடுவினம்.

அதால நான் கேக்கிறது, அடுத்த ஓடர் போடேக்க அடி ஃபோர் வீல் வேரியன்டுக்கும் பின் லொக்கைக் கேட்டு எடுங்கோ, முழு லொட்டுக்கும் ஏலாது எண்டா விரும்பினவை கூடக் காசு குடுத்து எடுக்கிற மாதிரியாவது வையுங்கோ, நாங்கள் குடுப்பம். விலைப் பட்டியல் தாளில லொக் இருக்கோ இல்லையோ எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் தெளிவா ஒரு வரி போடுங்கோ. லொக் போட்டா அந்த வண்டியில ட்ரக்ஷன் கண்ட்ரோல் முழுக்க நிக்குமோ, முன் சில்லுக்கு மட்டும் வேலை செய்யுமோ எண்டதையும் சொல்லுங்கோ, வண்டிக்கு வண்டி அது வேற, ஏத்தத்தில வைச்சு அதைக் கண்டுபிடிக்கிறது நல்லதில்ல. லொக் ஃபோர் லோவில மட்டுமோ, எந்த வேகத்தில தானாக் கழருது, கழர மறுத்தா கொஞ்சம் நேரா உருட்ட வேணும் எண்டதையும் டெலிவரி குடுக்கிற அண்டைக்கே சாவியோட சேத்துச் சொல்லிக் குடுங்கோ.

இன்னொண்டு. உங்கட ஷோரூம் முற்றத்தில ரெண்டு மரக் குத்தி வைச்சு, ஒரு பின் சில்லும் அதுக்கு எதிர் மூலையில முன் சில்லும் தொங்குற மாதிரி ஒரு கெப்பை ஏத்தி, லொக் இல்லாமலும் லொக்கோடயும் ஆக்களுக்கு ஓட்டிக் காட்டுங்கோ. அரை மணித்தியால வேலை. சனிக்கிழமை எண்டா நான் என்ர பழைய கெப்பையும் கொண்டு வாறன், மரக் குத்தியும் நானே ஏத்திக்கொண்டு வருவன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து, ரெண்டு கெப் வைச்சிருக்கிற ஒரு ஜெனரேட்டர் திருத்துனர்