தனுஷ்கோடியில் ஆட்கள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ராமேசுவரம் பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்றும் 'ஆளில்லாத ஊர்' என்றும் எழுதியிருந்தீர்கள். மனம் ஒப்பவில்லை. போன மாதம்தான் நானும் கல்லூரித் தோழிகள் நால்வரும் பாலக்கோட்டிலிருந்து வேன் பிடித்துப் போய் வந்தோம். நாங்கள் பார்த்த தனுஷ்கோடியில் ஆட்கள் இருந்தார்கள்.

பாம்பனில் வேனை விட்டு இறங்கி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்த்தோம். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புமாம். பிறகு அக்னி தீர்த்தம், கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், ஈரச் சேலையோடு மூன்றாம் பிராகாரம், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் என்று காலைப்பொழுது ஓடியது. அவற்றையெல்லாம் உங்கள் கட்டுரை நன்றாகவே சொல்லியிருக்கிறது.

மதியத்துக்கு மேல், தனுஷ்கோடி வழியாக நிலத்தின் கடைசி முனைக்குப் போகும் அரிச்சல்முனைச் சாலையில் போனோம். இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல் என்று டிரைவர் காட்டினார். பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் ஏரிபோல அடங்கிக் கிடந்தது. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அறைந்துகொண்டே இருந்தது. கடலே இல்லாத மாவட்டத்துக்காரர்கள் நாங்கள். ஒரு சாலையின் இரு பக்கமும் இரண்டு குணத்தில் கடலைப் பார்த்தபோது வேனுக்குள் யாரும் பேசவில்லை.

இடிந்த தேவாலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பவளக்கல், தேன்கூடுபோல் பொடிப்பொடித் துளைகள். அந்தத் துளைகளின் மேல் யார் யாரோ சாவியால் தங்கள் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து புறப்பட்ட ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன ஊர் இது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போன காலம் அந்த இரவோடு முடிந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் இங்கேயே குடிசை போட்டு வாழ்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி, மணலில் இடுப்பளவுப் பள்ளத்துக்குள் இறங்கி ஓர் அக்கா கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "குடித்துப் பாருங்கள் தாயி" என்று நீட்டினார். துளி உப்பில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினால் என்ன என்று கேட்டேன். "ஆசைப்பட்டுத் தோண்டினால் உப்பு ஏறிவிடும், அப்புறம் இந்த ஊற்று எங்களுக்கு இல்லை" என்றார். மணலில் இறங்கிய மழைநீர் எடை குறைவு என்பதால் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அந்த அடுக்கு கலையாமல் மேலாக மொண்டால்தான் நல்ல தண்ணீர். அந்த அக்கா அதைக் கை அளவிலேயே அறிந்துவைத்திருக்கிறார்.

தண்ணீரின் அருமை எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஐவரில் மூவருக்குப் பல்லில் பழுப்புக் கறை இன்றும் இருக்கிறது. என் அம்மா கடைசி வரை முழங்காலை மடக்கி உட்கார முடியாமல் இருந்தார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி, காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாயில் வந்த நாளில் குடத்துக்குப் பொட்டு வைத்துப் பிடித்தோம். ஆகவே அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து நடந்ததைத்தான் எழுத வந்தேன். இன்னொரு வேனில் வந்தவர்கள் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, காலில் ஒட்டிய மணலைக் கழுவினார்கள். காலிப் பாட்டிலையும் அதிலேயே போட்டார்கள். கெட்டவர்கள் போலத் தெரியவில்லை. பிள்ளைகுட்டியோடு வந்த குடும்பம். அது குடிநீர் என்று என் தோழி சொன்னதும் பதறிப்போய், "இங்கே யாரும் இல்லையென்றுதானே போட்டிருந்தார்கள்" என்றார் அந்தக் குடும்பத்துப் பெண். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு, கலங்கிய தண்ணீரைக் கடைசிவரை இறைத்து வெளியே ஊற்றினார். மறுபடி ஊறுவதற்கு வெகுநேரம் ஆகும் என்றார்.

ஆளில்லாத ஊர் என்று நாம் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் வருகிறவர்கள் அப்படி நடந்துகொள்கிறார்கள். அடுத்த முறை தனுஷ்கோடி பற்றி எழுதும்போது அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அங்கே மணலில் தெரியும் பள்ளங்கள் மக்களின் குடிநீர்க் கிணறுகள், அவற்றில் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு வரி சேருங்கள். ஊற்றுகளின் அருகே தமிழிலும் இந்தியிலும் அறிவிப்புப் பலகை வைக்கும்படி மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.