கடற்படைப் பயிற்சிக்குப் போகும் மலையகப் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடற்படைக்கு விண்ணப்பிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் தடை பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று. நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தபின் பிரதேச செயலகத்துக்கு ஓடினால் நேரம் போதாது. பெற்றோர் இப்போதே திருத்திவைக்க வேண்டும்.

அதைவிடக் கவலைப்பட வேண்டியது வெயில். பூஸா, பூனாவ கடற்படைப் பயிற்சி முகாம்கள் தாழ்நிலத்தில் உள்ளன. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த உடல் அந்த வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாட்களாகும். தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். தலைசுற்றினால் மறைக்காமல் பயிற்றுநரிடம் சொல்லட்டும். மறைத்து நிற்பவர்தான் சுருண்டு விழுகிறார்.

நீச்சலை ஆற்றில் அல்ல, பயிற்றுநர் உள்ள தடாகத்தில் பழக்குங்கள். கட்டளைகள் சிங்களத்தில் வரும். இடம், வலம், எண்களையாவது காது முன்பே பழகியிருக்கட்டும்.

வாசகர்,
ஹட்டன்